கருப்பட்டிக்கு மாறினால் போதுமா? சர்க்கரை வகைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சர்க்கரை தொடர்பாக இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றைத் தொகுத்து, சில கேள்விகளுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இப்பகுதியை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளைச் சர்க்கரைதான் நஞ்சு, கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று உறவினர்கள் சொன்னதால் ஓராண்டாகக் கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கிறேன். ஆனால் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் அளவு கூடியிருக்கிறது. ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஏறியதில் வியப்பில்லை. வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு ஆகிய எல்லாவற்றிலும் இனிப்பைத் தருவது பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற ஒரே பொருள்தான். கரும்புச் சாற்றிலும் பதநீரிலும் இருக்கும் சுக்ரோஸ் மூலக்கூறுகளுக்கிடையே வேதியியல்படி எந்த வேறுபாடும் கிடையாது. வெள்ளைச் சர்க்கரையில் அது ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் அதனுடன் கொஞ்சம் நீர், கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், தாது உப்புகள், நிறமும் மணமும் தரும் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. சிறுகுடலின் சுவரில் உள்ள நொதி, வந்தது எந்த மரத்துச் சாறு என்று பார்ப்பதில்லை. சுக்ரோஸைப் பிளந்து பாதியைக் குளுக்கோஸாகவும் பாதியை ஃப்ரக்டோஸாகவும் இரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது.

வெல்லத்தில் இரும்புச் சத்து இருப்பது உண்மைதான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் வெல்லத்தில் சுமார் நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்படியானால் ஒரு நாளில் நாம் போட்டுக்கொள்ளும் 10 கிராமில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று அதே நிறுவனம் 2020இல் வரையறுத்துள்ளது. அந்த அளவை வெல்லத்தின் மூலமே பெறுவதென்றால் அரைக் கிலோவுக்கும் மேல் தின்ன வேண்டியிருக்கும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பு குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை என்பதால், கருப்பட்டிக் காப்பியில் வரும் அந்தச் சிறிதளவும் முழுமையாக உடலில் சேர்வதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பொட்டாசியம் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்று, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது நன்மையாகாது.

உங்கள் விஷயத்தில் நடந்திருக்கக் கூடியது வேறொன்று என்று நினைக்கிறேன். வெள்ளைச் சர்க்கரை போட்ட நாளில் அரைத் தேக்கரண்டியோடு கை நின்றிருக்கும். கருப்பட்டி நல்லது என்ற நம்பிக்கை வந்ததும் கணக்குப் பார்ப்பது நின்றுவிடுகிறது. உடைத்துப் போடும் ஒரு துண்டு எத்தனை கிராம் என்று பெரும்பாலும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம் என்றால், உள்ளங்கையில் வைத்து உடைக்கும் ஒரு நடுத்தரக் கருப்பட்டித் துண்டு சாதாரணமாக 10 கிராமைத் தாண்டிவிடும். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்.

இதனால் கருப்பட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடாக வெள்ளைச் சர்க்கரையைச் சொல்ல முடியாது. சுவைக்காக அதை விரும்புவது முற்றிலும் நியாயமான காரணம். நீரிழிவு இல்லாதவர்கள் அளவோடு எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் அதைச் சர்க்கரைக் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கும்போதும் கவனம் தேவை. கருப்பட்டியும் வெல்லமும் காய்ச்சும் இடங்களில் மூட்டை மூட்டையாக வெள்ளைச் சர்க்கரை கலக்கப்படுவதையும், வெல்லத்துக்கு வெளிர் மஞ்சள் நிறம் வருவதற்காக ‘ஹைட்ரோஸ்’ எனப்படும் வெளுப்புத் தூள் சேர்க்கப்படுவதையும் உணவுப் பாதுகாப்புத் துறையினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பளபளப்பான மஞ்சள் வெல்லத்தைவிடக் கருத்த வெல்லம் மேல்.

கடைசியாக, இரத்தச் சர்க்கரை ஏறியதற்குப் பழியைக் காப்பியின் மீது மட்டுமே போட வேண்டாம். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எந்த அளவுக்கு ஏற்றுகிறது என்பதைக் காட்டும் எண் கிளைசெமிக் குறியீடு. குளுக்கோஸை 100 என்று கொண்டால் சுக்ரோஸின் குறியீடு சுமார் 65. பொன்னி அரிசிச் சோற்றுக்கோ ஏறத்தாழ 70. காப்பியில் விழும் 10 கிராமைப் பற்றி ஒரு கடிதம் எழுதும் நாம், மதியம் இலையில் விழும் 300 கிராம் சோற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கேள்வி: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் இரண்டும் சர்க்கரைதானே? ஃப்ரக்டோஸ் இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றாது என்று பாடத்தில் படித்தேன். அப்படியானால் அதுதானே நல்லது?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நீங்கள் படித்தது சரி, அதிலிருந்து வந்த முடிவில்தான் சிக்கல் இருக்கிறது. ஃப்ரக்டோஸின் கிளைசெமிக் குறியீடு 20ஐ ஒட்டியே இருக்கிறது. இந்த ஒரு எண்ணை நம்பி, மேலை நாடுகளில் நீரிழிவு நோயாளிகளுக்கெனத் தனியாக ஃப்ரக்டோஸ் சேர்த்த தின்பண்டங்களே ஒரு காலத்தில் விற்கப்பட்டன. இன்று அப்படிப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டும் உடலுக்குள் போகும் வழியே வேறு. குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. மூளை, தசை, சிவப்பணு என எல்லா உறுப்புகளும் அதில் பங்கு கேட்கின்றன. மிஞ்சியது கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் குளுக்கோஸை எரிக்கும் பாதையில் ஒரு கட்டுப்பாட்டு நொதி இருக்கிறது. உயிரணுவில் ஆற்றல் போதுமான அளவு இருந்தால் அது வேகத்தைக் குறைத்துவிடும்.

ஃப்ரக்டோஸ் அந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளியைத் தொடாமலே உள்ளே நுழைகிறது. தசைகளுக்கு அதில் பெரிய நாட்டமில்லை. பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும்தான் கையாள வேண்டும். சிறிது சிறிதாக வந்தால் சிறுகுடலே பெரும்பாலானதைக் குளுக்கோஸாக மாற்றிவிடுகிறது என்பதை எலிகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடலால் சமாளிக்க முடியாத அளவுக்கு ஒரே மூச்சில் வரும்போது, அது கல்லீரலுக்குள் வெள்ளமாகப் பாய்கிறது. அங்கே ஆற்றல் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தாலும் நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால், மிகையானது கொழுப்பாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி டிரைகிளிசரைடாக இரத்தத்துக்கு வருகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்குகிறது. மது அருந்தாதவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு வருவதற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

யூரிக் அமிலம் கூடுவதும் இதே நிகழ்வின் மறுபக்கம். ஃப்ரக்டோஸைப் பற்றிக்கொள்ளும் முதல் வினைக்கே ஏ.டி.பி. எனப்படும் ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. கட்டுப்பாடின்றி அது வேகமாகச் செலவழியும்போது, அதன் சிதைவின் இறுதியில் யூரிக் அமிலம் உண்டாகிறது. கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து வலிக்கும் ‘கௌட்’ நோயாளிகளிடம் கறியையும் மதுவையும் குறைக்கச் சொல்லும் அதே மூச்சில், சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தையும் விடச் சொல்வது இதனால்தான்.

ஆக, இரத்தச் சர்க்கரைமானி காட்டும் எண் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறது. அதே நேரத்தில், பழத்திலும் ஃப்ரக்டோஸ் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓர் ஆப்பிளில் உள்ளது நார்ச்சத்தோடும் நீரோடும் பிணைந்து, மென்று விழுங்கும் வேகத்தில் மெதுவாக வந்து சேர்கிறது. அமெரிக்கக் குளிர்பானங்களில் பயன்படும் மக்காச்சோளப் பாகில் 55 விழுக்காடு ஃப்ரக்டோஸ் என்று கேட்டுப் பலர் பதறுகிறார்கள். நம் சர்க்கரையிலும் 50 விழுக்காடு அதுதான்; இரண்டுக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

கேள்வி: உடல் எடை குறைய தினமும் காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கிறேன். சர்க்கரைக்குப் பதிலாகத் தேனைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா? என் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சேனை வைக்கத் தேன் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது அவசரம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களின் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. சில வாரக் குழந்தையின் குடலில் அந்தப் பாதுகாப்பு இன்னும் உருவாகியிருக்காது. அவை அங்கே முளைத்து நச்சைச் சுரந்தால் குழந்தை தளர்ந்துபோகும், பாலை உறிஞ்ச இயலாது, மூச்சுத் திணறல்வரை போகலாம். இது அரிய நோய்தான், ஆனாலும் ஒரு சடங்குக்காக ஏற்க வேண்டிய ஆபத்து அல்ல. காய்ச்சினாலும் அந்த விதைத்துகள்கள் சாவதில்லை. மலைத்தேன், சுத்தமான தேன் என்ற சமாதானமும் இங்கே செல்லாது. தேனுக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் என்பதும் தேவையற்றது. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். சேனை வைக்கும் பெரியவர் குழந்தையைத் தூக்கி வாழ்த்தட்டும், நாவில் எதையும் தடவ வேண்டாம்.

இனி உங்கள் வெந்நீருக்கு வருவோம். தேனில் ஏறத்தாழ 38 விழுக்காடு ஃப்ரக்டோஸ், 31 விழுக்காடு குளுக்கோஸ், 17 விழுக்காடு நீர். சுக்ரோஸைத் தேனீயே தன் நொதியால் பிளந்து வைத்திருக்கிறது என்பதைத் தவிர, நம் உடலுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ அதே இரண்டு பொருள்கள்தான். ஃப்ரக்டோஸ் சற்றுக் கூடுதலாக இருப்பதால் தேன் அதிகம் இனிக்கிறது, எனவே குறைவாகப் போட்டாலே போதும்; இதுதான் அதன் ஒரே அனுகூலம். ஒரு தேக்கரண்டித் தேன் சுமார் 7 கிராம், அதில் 20 கலோரி. கலோரியைச் சேர்க்கும் ஒரு பொருள் தானாக எடையைக் குறைத்துவிடாது. காலையில் பால், சர்க்கரையோடு காப்பி குடிப்பதை நிறுத்தி அதற்குப் பதிலாக இதைக் குடிக்கிறீர்கள் என்றால் எடை குறையலாம். குறைத்தது, விட்ட காப்பி. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனைச் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் சேர்த்திருக்கிறது. அந்த வகை முழுவதும் சேர்ந்து ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது அதன் கணக்கு. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம்.

கேள்வி: பழம் சாப்பிடலாம், பழச்சாறு கூடாது என்று மருத்துவர் சொல்கிறார். உள்ளே போவது ஒரே பழம்தானே?
– வாசகர், சென்னை

பதில்: ஒரே பழம் அல்ல என்பதுதான் விடை. ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று, நான்கு பழங்கள் வேண்டும். நான்கு ஆரஞ்சுகளை உரித்துச் சுளை சுளையாகத் தின்ன கால் மணி நேரமாகும். இரண்டாவது பழத்திலேயே போதும் என்று வயிறு சொல்லிவிடும். சாறாக அரை நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. பிழிந்து வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. வடிகட்டாமல் மின் அரைவையில் அடித்தாலும் மெல்லும் வேலை மிச்சமாகிவிடுகிறது. இதனால்தான் முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையைக் கணக்கில் சேர்க்காத உலகச் சுகாதார நிறுவனம், சாறாக்கிய உடன் அதே சர்க்கரையைத் தேனோடும் சீனியோடும் சேர்த்து எண்ணுகிறது. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாக உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாகவும், சாறாகக் குடித்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் காணப்பட்டது. கடைச் சாற்றில் சர்க்கரை சேர்ப்பதைப் பற்றி நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை. மாம்பழப் பருவத்தில் நீரிழிவு உள்ளவர் ஒரு கன்னத்தை இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையே தின்னலாம். மில்க் ஷேக் வேண்டாம்.

கேள்வி: என் அப்பா மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையைச் சாப்பிடுகிறார். கடந்த வாரம் மாலையில் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. பரிசோதித்தபோது 58 இருந்தது. சர்க்கரை அள்ளிக் கொடுத்தும் நெடுநேரம் ஏறவில்லை. எந்த வகைச் சர்க்கரை கொடுத்திருக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மிகச் சரியான கேள்வி. சர்க்கரையின் வகை உயிர் காக்கும் விஷயமாக மாறும் இடம் இதுதான். மாத்திரை அட்டையின் பின்புறம் ‘வோக்லிபோஸ்’ அல்லது ‘அகார்போஸ்’ என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் கிளிமிபிரைட், மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை மிகப் பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. இதில் கிளிமிபிரைட், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பாடு தாமதமானால் தாழ்சர்க்கரையை உண்டாக்குவதும் அதுவே. வோக்லிபோஸின் வேலை, சுக்ரோஸையும் மாவுப்பொருளையும் பிளக்கும் குடல் நொதிகளைத் தடுப்பது. அந்த மருந்து உடலில் இருக்கும் நேரத்தில் கொடுத்த சர்க்கரையும் மிட்டாயும் பிஸ்கட்டும் பிளக்கப்படாமல் குடலிலேயே காத்துக் கிடக்கும். தனிக் குளுக்கோஸுக்கோ பிளப்பதற்கு எதுவுமில்லை. அது நேராக உறிஞ்சப்படும்.

எனவே இந்த மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூள் எப்போதும் இருக்க வேண்டும். அட்டையில் ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்று எழுதியிருக்கும். குளுக்கோஸின் மறுபெயர்தான் அது. பழச்சுவை சேர்த்த சில தூள்களில் சுக்ரோஸ் கலந்திருப்பதால், சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்குங்கள். அளவு 70க்குக் கீழே இறங்கியதும் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்கலாம். ஏறிய பிறகு அடுத்த வேளை உணவு தள்ளியிருந்தால் ஏதேனும் சாப்பிட வைக்க வேண்டும். சாக்லேட், ஐஸ்கிரீம் போன்றவற்றில் உள்ள கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அவை இந்த நேரத்துக்கு உதவா.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கிளிமிபிரைட் போன்ற மருந்துகளின் செயல் பல மணி நேரம் நீடிப்பதால், ஒருமுறை ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும். பேச்சுக் குழறும் அளவுக்குப் போன பிறகு வீட்டிலேயே வைத்துக்கொண்டு சமாளித்தது சரியல்ல. மாத்திரையின் அளவைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

கேள்வி: எங்கள் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறி இருக்கிறது. பச்சைக் குறி உள்ளதை வாங்கிக் குடித்தால் பயமில்லைதானே? எங்கள் அம்மா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பவர். இவை எல்லாம் இரசாயனம் என்கிறார்.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: 2016 ஆகஸ்டில் இலங்கை கொண்டுவந்த அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடைப்பட்டவை மஞ்சள். இதில் மஞ்சள்தான் ஏமாற்றும். சாதாரணக் கோலாவில் 100 மில்லிலீட்டருக்கு 10 கிராமுக்குச் சற்று மேல் சீனி இருக்கும். அது மஞ்சளுக்குள் அடங்கிவிடும், ஆனால் 330 மில்லிலீட்டர் தகரப் போத்தல் ஒன்றில் 35 கிராம் உள்ளே போகிறது. திரவமாகக் குடிக்கும் சர்க்கரைக்கு வயிறு நிரம்பிய உணர்வு வருவதில்லை. அதற்காக அடுத்த வேளைச் சோற்றை யாரும் குறைத்துக்கொள்வதும் இல்லை. சர்க்கரையின் வகைகளில் உடலுக்கு மிகவும் கெட்டது எது என்று என்னைக் கேட்டால், பெயரைச் சொல்ல மாட்டேன். குடிக்கும் சர்க்கரை என்றுதான் சொல்வேன்.

பச்சைக் குறிப் பானங்களில் பெரும்பாலும் அஸ்பார்டேம், சுக்ரலோஸ், அல்லது சீனித்துளசியிலிருந்து எடுத்த ஸ்டீவியா இருக்கும். சுக்ரோஸைவிட அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கும் சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கும் இனிப்பவை என்பதால் மிகச் சிறிய அளவே சேர்க்கப்படுகிறது. இரத்தச் சர்க்கரை ஏறாது. 2023 ஜூலையில் அஸ்பார்டேமைப் ‘புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்’ என்ற பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. அதே நாளில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அன்றாட வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்று உணவுச் சேர்பொருள்களுக்கான நிபுணர் குழு கூறியது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட, ஒரு நாளில் குறைந்தது ஒன்பது போத்தல் குடிக்க வேண்டும். எப்போதாவது ஒன்று குடிப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. எனினும், எடையைக் குறைக்கும் வழியாக இவற்றை நம்ப வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டிருக்கிறது. பிறவியிலேயே ஃபினைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. தேநீரில் கரைப்பதைவிடக் கடித்துக்கொண்டு குடிப்பவர்கள் பெரும்பாலும் குறைவாகவே இனிப்பு எடுக்கிறார்கள். நுனிப்பல்லால் ஒரு துணுக்குக் கடித்து அரைக் கோப்பையை ஓட்டிவிடுவார்கள். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய இனிப்புப் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பதைவிட அவரை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அந்தப் பலகாரத்தில் நெய்யும் மாவும் அப்படியே இருக்கும். சர்க்கரைக்கு ஈடாகச் சேர்க்கும் மால்டிடால் போன்றவை கூடினால் வயிறு பொருமி, பேதியும் ஆகும்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. பாலில் சர்க்கரை போடாமல் குடிக்க மாட்டேன் என்கிறான். பனங்கற்கண்டு போடலாமா? பல் வராத வயதிலிருந்தே இப்படித்தான்.
– வாசகி, சேலம்

பதில்: அவன் கேட்பது நாம் பழக்கியதைத்தான். பாலில் இயற்கையாகவே சர்க்கரை இருக்கிறது. இரண்டு வயதுவரை மேலே எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பனங்கற்கண்டும் சுக்ரோஸ்தான். நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு, மூன்று வாரங்களில் பழகிவிடுவான்.

சுக்ரோஸுக்குப் பற்களின் மீது தனிப்பட்ட பகை உண்டு. வாயில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, சுக்ரோஸிலிருந்து பசை போன்ற பொருளை உருவாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். எல்லாச் சர்க்கரையிலிருந்தும் அதனால் இதைச் செய்ய இயலாது. பிறகு அங்கேயே அமிலத்தைச் சுரக்கும். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை முறை என்பதும், எவ்வளவு நேரம் வாயில் தங்குகிறது என்பதும் முக்கியம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு உமிழ்நீரும் குறைந்துவிடுவதால் மேல் முன்பற்கள் முதலில் அரிக்கும். பாலாடையிலோ கிண்ணத்திலோ கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டுத் தூங்க வையுங்கள்.

இந்த வயதில் பழக்கும் சுவை வெகுதூரம் கூடவே வரும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் ஆதாரம் 2024இல் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு அங்கே 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. முடிந்த உடனே மக்கள் உண்ணும் சர்க்கரை ஏறத்தாழ இரு மடங்கானது. கருவில் இருந்தபோதும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் பங்கீட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களை, அதன் பின் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். முன்னவர்களுக்கு நடுவயதுக்குப் பின் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு 20 விழுக்காடும் குறைந்திருந்தன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சென்னை ஆய்வாளர்கள் முன்நின்று நடத்திய தேசிய ஆய்வு 2023இல் தெரிவித்த நிலையில், இந்த ஒப்பீட்டை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

மாவாகக் கலக்கும் ஊட்டச்சத்துப் பானங்களை வாங்குவதற்கு முன் அட்டையில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்ற பெயர்கள் சேர்மானப் பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் திரும்ப வைத்துவிடலாம். பட்டியலில் அதிகமாக உள்ள பொருள்தான் முதலில் எழுதப்படும்.

கேள்வி: சர்க்கரை போடாமல் பால் குடித்தாலும் வயிறு உப்புகிறது. தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. இதுவும் சர்க்கரையின் வேலையா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஆம், பாலில் உள்ள லாக்டோஸின் வேலை. அதைப் பிளக்கும் லாக்டேஸ் நொதி பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. பிளக்கப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் புளிக்கும்போது காற்று சேர்கிறது, சிலருக்குப் பேதியும் ஆகிறது. உறை ஊற்றும்போது தயிர் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதாலும், தன் நொதியை நம் குடலுக்குள் கொண்டுவருவதாலும் தயிரும் மோரும் உங்களுக்கு ஒத்துக்கொள்கின்றன. இது நோயல்ல, மருந்து தேவையில்லை. காப்பியில் ஊற்றும் அளவுப் பாலைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள், வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் குடிப்பதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். எடை குறைவதோ, மலத்தில் இரத்தம் போவதோ சேர்ந்திருந்தால் பாலைக் காரணம் சொல்லிக் காலம் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.